ஆஷ்விட்ஸுக்கு அரை நாள் போதாது

காலையில் நாஜிகளின் கொலை முகாமாக இருந்த ஆஷ்விட்ஸ், மதியம் வியெலிச்கா உப்புச் சுரங்கம், இரண்டுக்கும் ஒரே டிக்கெட். போலந்தின் கிராகோவ் நகரில் இப்படித்தான் விற்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. அப்படியொரு பயணத்தில் போய் வந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

இந்த அவசரத்தில் அடிபடுவது ஆஷ்விட்ஸின் இரண்டாவது முகாமான பிர்கெனாவ். நேரத்தில் பெரும்பகுதி முதல் முகாமிலேயே கழிந்துவிடுகிறது. போலந்து ராணுவக் குடியிருப்பாக இருந்த செங்கல் கட்டடங்களை 1940இல் நாஜிகள் சிறையாக்கினார்கள். அங்கும் பார்க்க வேண்டியவை நிறைய. சொந்தக்காரர் பெயரை பெயிண்டில் பெரிதாக எழுதிய பெட்டிகள். திரும்பக் கிடைக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு டன் தலைமுடி. அந்த அறையில் படம் எடுக்கக் கூடாது. எடுக்கவும் யாருக்கும் கை வராது.

ஆனால் கொலை பெருமளவில் நடந்தது மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிர்கெனாவில். ஆஷ்விட்ஸ் முகாம்களில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ரயிலில் ஏற்றி வந்தார்கள். அதற்காகவே தண்டவாளத்தை முகாமுக்குள் நீட்டினார்கள். இறங்கிய இடத்திலேயே ஆட்களைப் பிரித்தார்கள். முதியவர்களும் பிள்ளைகளும் பிள்ளைகளின் தாய்மாரும் நேரே விஷவாயு அறைக்கு. அவர்கள் பெயர்கள் முகாம் பதிவேட்டில் ஏறவே இல்லை.

தடயத்தை மறைக்க 1945 ஜனவரியில் முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்எஸ் படையினர் வெடிவைத்துத் தகர்த்த எரியுலைகள் தண்டவாளத்தின் கோடியில் கிடக்கின்றன. நான்காவது எரியுலையின் கதை வேறு. பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தப்பட்டிருந்த யூதக் கைதிகள் 1944 அக்டோபர் 7 அன்று கிளர்ந்தெழுந்து அதற்குத் தீ வைத்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்காக ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக் கொடுத்தவர்கள் பெண் கைதிகள். அவர்களில் ரோசா ரோபோட்டா உள்ளிட்ட நால்வரைப் பிறகு தூக்கிலிட்டார்கள். இவ்வளவு தைரியம் வெளிப்பட்ட இடத்துக்கு எங்களால் போக முடியவில்லை. சுரங்கத்துக்கு நேரமாகிவிட்டது, பஸ்ஸில் ஏறுங்கள் என்றார்கள். எங்கள் வழிகாட்டி நல்ல விவரம் தெரிந்தவர். அவர் கையிலும் நேரம் இல்லை.

கிராகோவிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ நீங்களாகவே போகலாம். அருங்காட்சியகம் நீண்ட நேரச் சுற்றும் நடத்துகிறது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வழிகாட்டி விடைபெற்ற பிறகும் மூடும் நேரம் வரை பிர்கெனாவில் இருக்கலாம். நான்காவது எரியுலை வரை நடந்து போங்கள்.