மனம் அடங்கவில்லையா? முதலில் இடுப்பைப் பாருங்கள்

"கண்ணை மூடினா ஒரே யோசனையா ஓடுது, எனக்குத் தியானமெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சொல்பவர்கள் சென்னையில் தெருவுக்கு நாலு பேர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு மனதில் இல்லை, உட்காரும் விதத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பதஞ்சலி யோகத்துக்கு வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, தியானம் ஏழாவது. நம் வார இறுதி வகுப்புகள் பலவற்றில் "நிமிர்ந்து உட்காருங்க" என்று ஒரு வரியோடு மூன்றை முடித்துவிட்டு நேரே ஏழுக்குத் தாவிவிடுகிறார்கள்.

ஆபீஸ் நாற்காலி, பைக், சோபா என்று பல வருஷம் பழகிய உடம்பு வெறும் பாயில் சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் இடுப்பைவிட மேலே தூக்கி நிற்கும். உடனே இடுப்பெலும்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வில்லாக வளையும், விலா எலும்பு வயிற்றை அழுத்தும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். பத்து நிமிஷத்தில் முதுகு வலிக்கும், இல்லையென்றால் தலை தொங்கித் தூக்கம் வரும். பழி மட்டும் மனதின் மேல்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ஒரு ஜமக்காளத்தையோ கனமான போர்வையையோ 4 முதல் 6 அங்குல உயரத்துக்கு இறுக்கமாக மடியுங்கள். தலையணை வேண்டாம், அமுங்கிவிடும். மடிப்பின் நடுவில் உட்காராமல் முன்விளிம்பில் உட்காருங்கள். தொடை முன்பக்கமாகச் சரிந்து முழங்கால் தரையைத் தொட வேண்டும். ஒரு முழங்கால் மட்டும் அந்தரத்தில் நின்றால் அதன் கீழே ஒரு துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புறங்கையைக் கீழ்முதுகில் வையுங்கள். அங்கே லேசாக உள்வாங்கிய வளைவு தட்டுப்பட வேண்டும். வெளியே பிதுங்கியிருந்தால் இன்னொரு மடிப்பு தேவை.

மூட்டு வலி உள்ளவர்கள் தயங்காமல் நாற்காலிக்குப் போகலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிவாக இருக்கும். மடித்த துண்டைப் பின்பாதியில் வைத்துச் சரிவைச் சமன்செய்து, முதுகைச் சாய்க்காமல், இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிய உட்காருங்கள்.

அடுத்தது மூச்சு. எடுத்தவுடன் கவனிக்காதீர்கள், முதலில் அதை நிதானமாக்குங்கள். நாலு எண்ணிக்கைக்கு உள்ளே, ஆறு எண்ணிக்கைக்கு வெளியே, பத்துச் சுற்று. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தானாகத் தணியும். பிறகு கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, மூச்சு தன் போக்கில் போவதை ஒரே இடத்தில் கவனியுங்கள்.

எந்த இடத்தில்? விபாசனா என்ற பௌத்தத் தியான முறையைப் பரப்பிய ஆசிரியர் கோயங்காவின் வழியில் மூக்கு நுனியும் மேலுதடும். சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் உள்ள அவர் வழி மையத்துப் பத்து நாள் முகாமில் காலை 4 மணிக்கே எழுப்பிவிட்டு, முதல் மூன்று நாள் இதை மட்டும்தான் செய்யச் சொல்வார்கள். பர்மியத் துறவி மகாசி சயாடோவின் வழியில் வயிறு ஏறி இறங்குவதைக் கவனிப்பார்கள். இரண்டும் பர்மாவிலிருந்து வந்தவைதான். நம் ஊருக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. மே மாதத்தில் ஃபேனை நிறுத்த முடியாது. முகத்தில் காற்று அடித்தால் மூக்கு நுனியில் மூச்சின் மெல்லிய தொடுகை தெரியவே தெரியாது. அப்போது வயிற்றுக்கு மாறுங்கள், அல்லது முதுகுப் பக்கம் காற்று வரும்படி திரும்பி உட்காருங்கள்.

ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். திடீரென்று பதினாலில் நிற்பீர்கள். வாய் எண்ணிக்கொண்டிருக்க, மனம் இ.எம்.ஐ. கணக்குக்குப் போயிருக்கும். அதைக் கண்டுகொண்ட அந்தக் கணம்தான் பயிற்சியே. திட்டாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள், திட்டுவது இன்னொரு யோசனை. பதினைந்து நிமிஷத்தில் ஐம்பது முறை திரும்பினால் ஐம்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது. எண்ணங்களே வராமல் உட்கார்வதுதான் தியானம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஹாரன் சத்தம் பெரிய தொல்லை இல்லை, வந்து போய்விடும். ஆடி மாத ஒலிபெருக்கிப் பாட்டுதான் கஷ்டம், ஏனென்றால் தெரிந்த வரி மனதை இழுத்துக்கொண்டு போகும். அந்த நாட்களில் மொட்டை மாடியில் இருபதடி தூரம் மெதுவாக நடந்து, பாதம் தூக்குவதையும் வைப்பதையும் கவனியுங்கள். தூக்கம் சொக்கும் நாளுக்கும் இதே வழிதான்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொன்ன கணக்கை, அதாவது 16 மாத்திரை நேரம் உள்ளே, 64 அடக்கி, 32 வெளியே என்பதை, ரீல்ஸில் முதல் நாளே செய்யச் சொல்கிறார்கள். உள்ளே இழுப்பதைப் போல நாலு மடங்கு நேரம் மூச்சை அடக்குவது அது. குரு பக்கத்திலிருந்து படிப்படியாகக் கூட்ட வேண்டியது. ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. இவர்களுக்கு, வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம்.

அதே போல, வேகமாக மூச்சுவிட்ட பிறகு விரல் நுனியும் உதடும் சுறுசுறுவென்று மரத்து, தலை கிறுகிறுத்தால் "சக்தி ஏறுது" என்கிறார்கள். ஏறவில்லை. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிட்டால் சில நிமிஷத்தில் சரியாகும். அதை அனுபவம் என்று நினைத்து இன்னும் வேகத்தைக் கூட்டினால் மயங்கி விழ வாய்ப்புண்டு.

கால் மரத்துப்போவது வேறு, அது நரம்பு அழுந்துவதால் வருவது. கால்களை நீட்டி, உணர்வு முழுதாகத் திரும்பிய பிறகே எழுந்திருங்கள். அவசரப்பட்டால் கணுக்கால் மடங்கிவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கடும் மனச்சோர்வோ மனச்சிதைவோ இருந்தவர்கள், பழைய அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்கள், நீண்ட மௌன முகாமுக்குப் போகும் முன் தங்கள் மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். தனிமையில் நாள் முழுக்க உட்காரும்போது அடங்கிக் கிடந்தது கிளம்பக்கூடும். தூக்கம் அடியோடு போனாலோ, பயம் பிடித்துக்கொண்டாலோ பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்து மாத்திரையை விட்டுவிட்டுத் தியானத்துக்கு மாறச் சொல்லும் ஆசிரியர் யாராக இருந்தாலும், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.