கொட்டுவதுதான் கொட்டுகிறீர்கள், மணலைக் கொட்டக்கூடாதா?

பிரான்ஸின் நீஸ் நகரத்தைப் படத்தில் பார்த்து ஏமாந்தவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலக் கடல், கரையை ஒட்டி நீண்ட நடைபாதை, அதில் வரிசையாக நீல நாற்காலிகள். மணல் எங்கே என்று மட்டும் நான் கேட்கவில்லை.

முழுக்கக் கூழாங்கல் ஐயா! ஆகஸ்ட் மத்தியான வெயிலில் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தோசைக்கல். வெறுங்காலோடு தண்ணீரை எட்டுவதற்குள் ஒரு தீமிதித் திருவிழாவே நடத்தி முடித்தேன். இறங்கினால் நாலைந்து எட்டிலேயே ஆழம். ஏறி வருவது அதைவிடக் கொடுமை. அலை பின்வாங்கும்போது காலடிக் கற்கள் கலகலவென்று உருண்டு ஆளையும் சேர்த்து இழுக்கின்றன. நான் தவழ்ந்து கரையேறிக்கொண்டிருந்தபோது, எழுபது வயதிருக்கும் பாட்டி ஒருவர் ரப்பர் காலணியோடு ஜம்மென்று என்னைத் தாண்டிப் போனார்.

கடல் வாரிக்கொண்டு போகும் கல்லை ஈடுகட்ட நகராட்சியே லாரியில் கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறதாம். கல்லை! கரை சட்டென்று சரிவதால் மணல் நிற்காது என்பீர்கள். தெரியும். கோபத்தில் இருப்பவனிடம் புவியியல் பேசாதீர்கள்.

சரி, கல்லிலேயே படுப்போம் என்றால் அதற்கும் இடமில்லை. கடற்கரை மக்கள் இலவசமாகப் பயன்படுத்துவதற்கே என்று 1986-ல் சட்டமே போட்ட நாடு இது. ஆனால் வழிநெடுகக் குத்தகைக்கு எடுத்த உணவகங்கள் மெத்தை நாற்காலிகளைப் பரப்பி வைத்திருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் துண்டை விரித்தேன். பணியாளர் வந்து விரலை ஆட்டிவிட்டு விலைப்பலகையைக் காட்டினார். ஒரு நாள் படுக்க 30 யூரோ. குடைக்குத் தனிக் காசு! படுத்துக் கிடக்க வாடகை கேட்கும் கடலை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மணலைத் தேடி வில்ஃபிரான்ஷுக்கு ரயில் ஏறினேன். பத்து நிமிடம்கூட ஆகாத தூரம், நிலையத்துக்குக் கீழேயே கடற்கரை. நீஸில் பாதிப் பேருக்கு அதே யோசனை வந்திருக்கிறது. வழியெல்லாம் யாரோ ஒரு குழந்தையின் காற்றடைத்த ரப்பர் வாத்து என் முகத்தில் அழுந்திக்கொண்டே வந்தது. அப்புறம் துண்டு விரிக்க அரை மணி நேரம் அலைந்து, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சந்து கிடைத்தது. ஆசையாகக் கையில் அள்ளிப் பார்த்தேன். மணல்தான். சலித்தபிறகு சல்லடையில் மிஞ்சுமே, அந்த ரகம்.