பாதி மாத்திரை குழந்தை மருந்தாகாது
"பெரியவர்களின் வலிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்தால் குழந்தைக்குப் போதும், குழந்தை மருந்து ஆராய்ச்சியெல்லாம் வீண்வேலை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தும்கூட.

குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கல்லீரலால் மாற்றி வெளியேற்ற முடியாமல் பச்சிளங்குழந்தைகள் உடல் சாம்பல் பூத்து இறந்ததை 1959-இலேயே மருத்துவ உலகம் பதிவு செய்துவிட்டது. மாறாக, வலிப்புக்குத் தரும் கார்பமசெபைனைச் சிறு பிள்ளைகளின் உடல் வேகமாகவே வெளியேற்றிவிடும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். மூளையோ இன்னும் நுட்பமானது. வளர்ந்த மூளையில் நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள், பிறந்த குழந்தையின் மூளையில் குளோரைடு மிகுந்த அணுக்களைத் தூண்டிவிடவும் கூடும். காபாவை நம்பிச் செயல்படும் பீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து சில சிசுக்களின் வலிப்பை நிறுத்தாமல் போவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள். இவற்றைக் கண்டறிய வாழ்நாளைக் கொடுத்தவர்களின் உழைப்பா வீண்?

குடியாத்தம், காட்பாடிப் பக்கத்து வீடுகளில் மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு இடையில் நசுக்கித் தேனில் குழைத்துப் புகட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை அப்படி நசுக்கினால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். மேலே எழுதியவரே, தயவுசெய்து அந்தப் பாதி மாத்திரை வரியை நீக்குங்கள். பெற்றோர்களே, குழந்தையின் இன்றைய எடையைச் சொல்லி மருத்துவரிடமே அளவு கேளுங்கள்.