கோட்டா எல்லாப் பாடத்துக்கும் இல்லை

“வன்னிப் பிள்ளைகளுக்கு மாவட்டக் கோட்டா இருக்கு, என்ன பாடம் எடுத்தாலும் குறைஞ்ச புள்ளியோட கம்பஸ் போகலாம்” எண்டு மேல ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். பிழை. கலைப்பிரிவுக்குத் தெரிவு அகில இலங்கைத் திறமைப்படிதான். முல்லைத்தீவும் கொழும்பும் ஒரே வரிசை. இடங்களில 40% திறமைக்கு, 55% மாவட்டத்துக்கு, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு எண்ட கணக்கு மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கு. அந்த 55% கூட சனத்தொகைப்படி பிரிபடுறது. எங்கட பக்கம் சனம் குறைவு, அப்ப இடமும் குறைவுதானே.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு, 1ஏபி எண்டு தரம் பிரிச்ச பள்ளிக்கூடங்களில மட்டும். உள்ளுக்கு இருக்கிற கிராமத்துப் பிள்ளை இரசாயனவியல் படிக்க விடியவே ரவுணுக்கு பஸ் பிடிக்கவேணும். காசில்லாட்டி, கிட்ட இருக்கிற 1சி தரப் பள்ளிக்கூடத்தில, அங்க விஞ்ஞானப் பிரிவு இல்லாதபடியா, கலைப்பிரிவு. கோட்டாவும் அதோட முடிஞ்சுது. முதல்ல கணித, விஞ்ஞான ஆசிரியர்மாருக்குப் பள்ளிக்கூடத்தடியில தங்க விடுதி கட்டிக் குடுக்கச் சொல்லுங்கோ, அவை இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதுறது குறையும்.