பத்துச் சக்கர லாரியும் பக்கத்தில் ஒரு மாமாவும்

(பவானி: மோட்டார் வைத்த லெகோ லாரி ஒன்றைத் தானே வடிவமைத்துக் கட்டிக்கொண்டிருப்பவள். மாமா: அசல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கருத்துச் சொல்வதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.)

மாமா: என்ன பவானி, மேசை முழுக்க உதிரி பாகம்? வண்டி கவிழ்ந்துவிட்டதா?

பவானி: வண்டி இன்னும் பிறக்கவே இல்லை மாமா. இப்போதுதான் டயரை முடிவு செய்திருக்கிறேன்.

மாமா: டயரிலிருந்தா ஆரம்பிப்பார்கள்? முதலில் அடிச்சட்டம், அதுதான் சேசிஸ், அப்புறம் எஞ்சின், அப்புறம் கேபின். டயர் கடைசியில் மாட்டுவது.

பவானி: லெகோவில் அவர்கள் வார்த்துவைத்த அளவில்தான் டயர் கிடைக்கும். செதுக்கவும் முடியாது, ஊதிப் பெருக்கவும் முடியாது. அதனால் மற்ற எல்லாமும் டயருக்குப் பணிந்து போக வேண்டும். இது 62.4 மில்லிமீட்டர் விட்டம். நீங்கள் ஓட்டிய லாரியின் டயர் என்ன உயரம்?

மாமா: ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

பவானி: 1.08 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 17 சொச்சம், அத்தனை மடங்கு சின்னது என் லாரி. அசல் லாரியின் அகலம் இரண்டரை மீட்டர் என்றால் இங்கே 144 மில்லிமீட்டர். மேலே தெரிகிற இந்தக் குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். ஆக, சரியாக 18 ஸ்டட்!

மாமா: சரியாக வந்துவிட்டதே, அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது?

பவானி: 18 இரட்டைப்படை. துளை வரிசை உள்ள இந்தச் சட்டத்துக்குப் பீம் என்று பெயர், இரட்டைப்படை நீளப் பீமில் நட்டநடுவில் துளை இருக்காது. மோட்டாரிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட் நடுவில் போயாக வேண்டும். அதனால் 17 ஆகக் குறைத்துவிட்டேன்.

மாமா: ஒரு குமிழ்தானே, போகட்டும்.

பவானி: அசல் லாரியில் அது 14 சென்டிமீட்டர்.

மாமா: பதினாலா! அப்படியென்றால் என் வலது கை கண்ணாடிக்கு வெளியேதான் தொங்கும்.

பவானி: உங்கள் கையைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்கு அதில் இருக்கையே இல்லை.

மாமா: என்ன?

பவானி: இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய மோட்டார் உட்கார்ந்திருக்கிறது.

மாமா: சரி, பின்னால் படுக்கை இருக்குமே, அங்கேயாவது...

பவானி: அங்கே பாட்டரிப் பெட்டி. உள்ளே 6 பென்சில் பாட்டரி, மொத்தம் 9 வோல்ட்.

மாமா: உட்கார இடமில்லை, படுக்க இடமில்லை. இந்த முதலாளியிடம் எவன் வேலைக்கு வருவான்? பெட்டியை டீசல் டேங்க் இருக்கும் இடத்தில் வை.

பவானி: வைத்துப் பார்த்தேன். டேங்க் தரையைத் தொட்டது. வண்டி சறுக்குப் பலகை மாதிரி இழுபட்டது.

(மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். இனி எழுந்திருக்க மாட்டார் என்பது பவானிக்குத் தெரியும்.)

மாமா: கேபின் வெளிர்நீலமாக இருக்கட்டும். என் வண்டி அந்த நிறம்தான்.

பவானி: கணினியில் ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம். ஆனால் இந்த வளைந்த துண்டை அந்த நிறத்தில் அவர்கள் தயாரிக்கவே இல்லை.

மாமா: தயாரிக்காததைக் கணினி எப்படிக் காட்டுகிறது?

பவானி: அது எதையும் காட்டும் மாமா. 1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்பவர் எல்டிரா என்று ஒரு மென்பொருள் எழுதினார். திரையிலேயே லெகோ கட்டும் பழக்கம் அதிலிருந்துதான் பெருகியது. திரையில் டயர் இலவசம், அச்சு வளையாது, மோட்டார் சூடாகாது. என் லாரி அங்கே அருமையாக இருக்கிறது.

மாமா: ஓடுமா?

பவானி: அங்கே ஓடத் தேவையில்லை. அதனால்தான் அருமையாக இருக்கிறது.

மாமா: இந்தக் கறுப்புத் துண்டு ஏன் வெளுத்திருக்கிறது?

பவானி: அது பழைய பெட்டியில் கிடந்தது. குமிழைக் கவ்விப் பிடிக்கிற இந்த முறைக்கு 1958-இல் காப்புரிமை கேட்டார்கள். அந்தக் காலத்து லெகோ செங்கல்லும் நேற்று வாங்கியதும் இன்றைக்கும் ஒன்றோடொன்று பொருந்தும்.

மாமா: அடேயப்பா! என் வண்டிக்கு மூன்று வருடம் முந்தைய மாடலின் போல்ட்டே சேராது. சரி, எஞ்சின் எவ்வளவு வேகம்?

பவானி: சுமை இல்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 220 சுற்று. நேராகச் சக்கரத்தில் மாட்டினால் நிமிடத்துக்கு 43 மீட்டர் ஓட வேண்டும். இதே விகிதத்தில் அசல் லாரி என்றால் மணிக்கு 45 கிலோமீட்டர் மாதிரி.

மாமா: பரவாயில்லையே, லோடோடு அது நல்ல வேகம்.

பவானி: லோடு வேண்டாம், தன் எடையையே அது இழுக்கவில்லை. அதனால் மோட்டாரில் 8 பல் கியர், எதிரே 24 பல் கியர். வேகம் மூன்றில் ஒன்று, இழுவை மூன்று மடங்கு.

மாமா: அப்போ மணிக்கு 15. சைக்கிள்காரன் முந்திப்போவான், போகும்போது டாட்டா வேறு காட்டுவான். போடு, பார்க்கலாம்.

(பவானி பொத்தானை அழுத்துகிறாள். கடகடகடவென்று சத்தம். வண்டி அங்கேயே நிற்கிறது.)

பவானி: ஐயோ, கியர் உடைந்துவிட்டது!

மாமா: கையை எடு. இன்னொரு தடவை அழுத்து. (கண்ணை மூடிக் கேட்கிறார்.) உடையவில்லை. பல் தாவுகிறது. சுமை வரும்போது உன் சேசிஸ் விரிகிறது, இரண்டு கியரும் விலகுகின்றன. எங்கே, இந்த இடத்தை விரலால் இறுக்கிப் பிடி. இப்போது அழுத்து.

(சத்தம் நிற்கிறது. வண்டி ஒரு விரற்கடை நகர்கிறது.)

பவானி: மாமா! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மாமா: சத்தத்தை வைத்து வண்டி ஓட்டியவன் நான். இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்து வைக்க குறுக்கே ஒன்றும் இல்லை. நீ எல்லாத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறாய். அடுக்கினால் மேலேயும் கீழேயும் பிடிக்கும், பக்கவாட்டில் யார் பிடிப்பது?

பவானி: நெட்டுக்குத்தலாக ஒரு பீம் வைத்துப் பின்னால் பூட்டலாம். பிளேட் என்பது மெல்லிய தட்டைத் துண்டு, 5 பிளேட் உயரம் என்றால் 16 மில்லிமீட்டர். அது 2 ஸ்டட் தூரத்துக்குச் சமம், துளை சரியாக எதிரெதிரே வரும்.

மாமா: அந்தக் கணக்கெல்லாம் உன்னுடையது. விரிசல் என்னுடையது. (சட்டைக் கையை மடிக்கிறார்.) அப்புறம் ஒன்று. பின்னால் இரண்டு அச்சு இருக்கிறதே, ஓட்டம் ஒன்றுக்குத்தானே கொடுத்திருக்கிறாய்? இரண்டும் இழுக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டில் ஏறுமா?

பவானி: இங்கே மேடு ஏது?

மாமா: அந்தத் தலையணை.

(இரண்டாவது அச்சுக்கும் டிஃபரென்ஷியல், அதாவது ஓட்டத்தை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர், வைக்கும் வேலையை மாமாவே எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, பற்களுக்கு நடுவே நாக்கை நீட்டிக்கொண்டு வெகுநேரம். பவானி பேச்சுக் கொடுத்தால் பதில் இல்லை. டீ ஆறிவிட்டது. கடைசியில் வண்டி தரைக்கு வருகிறது. பொத்தான். மோட்டார் முனகுகிறது, வண்டி நடுங்குகிறது, எந்தப் பக்கமும் போகவில்லை. சட்டென்று சத்தமும் நின்றுவிடுகிறது.)

மாமா: என்ன, செத்துப்போச்சா?

பவானி: இல்லை. அளவுக்கு மீறிய சுமை வந்தால் பாட்டரிப் பெட்டி தானே நிறுத்திக்கொள்ளும். தூக்குங்கள், சக்கரங்கள் தரையைத் தொடாமல் பார்க்கலாம்... மாமா, முன்னால் இருக்கிற அச்சு முன்னோக்கிச் சுற்றுகிறது. நீங்கள் வைத்தது பின்னோக்கிச் சுற்றுகிறது.

மாமா: இரண்டும் சுற்றுகிறதல்லவா? ஆக, வேலை முடிந்தது.

பவானி: கயிறு இழுக்கும் போட்டி நடத்துகின்றன! என் டிஃபரென்ஷியலில் ஷாஃப்ட்டோடு சேருகிற கிரவுன் பல் இடப்பக்கம். உங்களுடையதில் வலப்பக்கம்.

மாமா: எதிரும் புதிருமாக அழகாக இருக்கட்டும் என்று வைத்தேன்.

பவானி: அசல் வண்டியில் இப்படி வைப்பீர்களா?

மாமா: அசல் வண்டியில் மெக்கானிக் வைப்பான். நான் அவனைத் திட்டுவேன். இங்கே திட்ட ஆள் இல்லை, அதுதான் கோளாறு.

(திருப்பி வைக்கிறார்கள். வண்டி கிளம்புகிறது. மெதுவாக, கனமாக, உண்மையிலேயே லோடு ஏற்றிய லாரியைப் போல. இருவரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் மாமாவின் வலது கால் நாற்காலிக்கடியில் தானாக மிதிக்கிறது.)

மாமா: ஸ்டியரிங்?

பவானி: சர்வோ மோட்டார். பொத்தானை விட்டால் சக்கரம் தானே நேராகிவிடும்.

மாமா: அது கிடக்கட்டும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் திரும்ப வேண்டுமே.

பவானி: இரண்டும் ஒரே அளவுதான் திரும்பும். இந்த நீளத்தில் அது யாருக்கும் தெரியாது.

மாமா: எனக்குத் தெரியும். முன் டயர் தேய்ந்துவிடும்.

பவானி: எப்போது தேயும்? இது தரையில் ஓடப்போவதே இரண்டு அறைக்கு நடுவில்.

மாமா: எனக்கே பாடமா? சரி, மொத்தம் எத்தனை டயர்?

பவானி: முன்னால் 2, பின்னால் இரட்டை இரட்டையாக 8. ஆகப் பத்து.

மாமா: ஸ்டெப்னி?

பவானி: மாமா, ரப்பர் டயர் பஞ்சர் ஆகாது. உள்ளே காற்றே இல்லை.

மாமா: காற்று இல்லாவிட்டாலும் கௌரவம் இருக்க வேண்டாமா? ஸ்டெப்னி இல்லாத லாரியை நான் ஓட்ட மாட்டேன்.

பவானி: நீங்கள் ஓட்டப்போவதில்லை, நான்தான்...

(ரிமோட் அவள் கையில் இல்லை. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரி தலையணையை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது.)

பவானி: மாமா, குறுக்கே நாற்காலி இருக்கிறது, தள்ளி நில்லுங்கள். அகச்சிவப்பு ரிமோட், அதன் கண்ணுக்கு நேரே பிடித்தால்தான் கேட்கும். இல்லை, இடது, இடது! அப்படியே விடுங்கள், இப்போது என்னிடம் கொடுங்கள்...

மாமா: ஓடும் வண்டியில் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.