உப்பைப் பிரிக்கக் கோடிகள் உண்டு, உப்பைத் தடுக்கக் காசில்லையா?

போன வாரக் குறைதீர்க் கூட்டத்தில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். வீடியோவைப் பகிர்ந்தவர்களும் நீங்கள்தான். எனவே முழுக்கதையையும் மறுபடி சொல்லவில்லை. சென்னைக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரின் கடைமடைத் தடுப்பணையைச் சீர்செய்து, ஆற்றில் கடல்நீர் ஏறாமல் தடுக்க நிதி ஒதுக்குங்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு அதிகாரி சொன்ன பதில்தான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது. "கடலோர ஊரில் உப்பு வராமல் வேறென்ன வரும்? இதற்கெல்லாம் நிதி கிடையாது."

நிதி கிடையாதா? கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரப்போகும் பேரூர் நிலையத்துக்கு 4,276 கோடி ரூபாய் என்று சொல்லி 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். நெம்மேலியில் இரண்டாவது நிலையத்தை 2024-இல் திறந்தார்கள். எங்கள் பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில், 2010-இல் ஒன்று வந்துவிட்டது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆயிரக்கணக்கான கோடிகள் இருக்கின்றன. நல்ல தண்ணீரில் உப்பு கலக்காமல் காக்க மட்டும் கஜானா காலி.

இது என்றைக்கும் உப்பு பூமியாக இருந்ததில்லை. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் மணலில் ஊறி ஊறிச் சேர்த்துவைத்த நன்னீர் இங்கே நிலத்தடியில் இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று ஆழ்குழாய்க் கிணறுகளை வரிசையாக இறக்கியது அந்தத் தண்ணீருக்காகத்தான். மணலித் தொழிற்சாலைகள் குடித்தன. சென்னை குடித்தது. 1969 வாக்கில் கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, பிறகு 10 கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தடுத்து நின்ற நன்னீரை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள்.

இதில் புரியாத அறிவியல் ஒன்றுமில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது அண்டவிடாது. மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். நூற்றில் ஐந்து பங்கு கடல்நீர் கலந்தாலே குடிக்க உதவாது. வந்த உப்பை வெளியேற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் வருமுன் தடுக்கப் பணம் கேட்கிறோம், வந்தபின் நிவாரணம் கேட்கவில்லை.

என் சித்தப்பாவுக்கு ஆற்றை ஒட்டி நிலம் இருந்தது. ஏற்றம் இறைத்த கிணறு அது. என் சிறு வயதில் அந்தத் தண்ணீரை அப்படியே கையில் அள்ளிக் குடித்திருக்கிறேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்கத் தொடங்கியது. முதலில் சித்திதான் கண்டுபிடித்தார். பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. சித்தப்பா நம்பவில்லை. கடன் வாங்கி இன்னும் ஆழமாக போர் போட்டார், அதில் இன்னும் உப்பு. நாற்று கருகியது. மோட்டார் துருப்பிடித்தது. கடைசியில் நிலத்தைக் கொடுத்துவிட்டார். இன்று அங்கே கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சித்தி கேன் தண்ணீரில் சோறு வடிக்கிறார். அந்தக் கேனுக்கு எந்த நிதியிலிருந்து பணம் வருகிறது என்று யாராவது கேட்டார்களா?

"சென்னை மக்கள் தாகத்தால் சாக வேண்டுமா" என்று அந்த வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். யார் அப்படிச் சொன்னது? 2019 கோடையில் நகரம் பட்ட பாடு எனக்கும் தெரியும். நிலையங்களை மூடச் சொல்லவில்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை இங்கே கேட்கிறேன், அவ்வளவுதான்.

"தடுப்பணையால் பயனில்லை" என்கிறார் இன்னொருவர். ஆரணியாற்றில் தடுப்பணை கட்டிய இடத்தில் சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு வாருங்கள்.

மிகவும் வலித்தது மூன்றாவது கேள்விதான். "விவசாயிகளே தண்ணீரை விற்றார்களே, இப்போது ஏன் அழுகிறீர்கள்?" ஆம், விற்றார்கள். வாங்கியது யார்? வறட்சிக் காலத்தில் விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது அரசு ஏற்பாடுதானே? பயிருக்கு விலை இல்லை, தண்ணீருக்கு விலை உண்டு என்ற நிலையில் கடன்காரன் வாசலில் நிற்கும்போது நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கட்டுப்படுத்த வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமலே 2013-இல் அதை ரத்து செய்தார்கள். பத்து வருடங்கள்! அந்தப் பத்து வருடங்களில் லாரிகள் ஓடியதை எண்ணியவர் உண்டா? ஆற்று மணலை அள்ளியவர்களைக் கேட்டீர்களா? விவசாயியை மட்டும் கேட்கிறீர்கள். அவன் கூட்டத்துக்கு வந்து கைகட்டி நிற்கிறான் அல்லவா, அதனால்.

சென்னைக்கு வடக்கே இருப்பவர்கள் என்றால் எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்துக்கு. துறைமுகங்கள் எங்கள் கரைக்கு. தண்ணீரும் எங்களிடமிருந்துதான் போயிற்று. இவ்வளவும் கொடுத்த ஊர் ஒரு தடுப்பணைக்கு மனு கொடுத்தால் கேலி. நாங்கள் இந்த மாவட்டத்தின் மக்கள் இல்லையா? எங்கள் வரிப்பணம் கஜானாவுக்குள் போகவில்லையா?

நேற்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதினார். அந்த அதிகாரி நல்ல மனிதராம், வேலைப்பளுவில் ஏதோ சொல்லிவிட்டாராம், பதிவு எதுவும் போடாதே என்றார். நல்லவராகவே இருக்கட்டும். கடைமடைப் பணிக்கு மதிப்பீடு தயாரித்து, நிதி கேட்டு மேலே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலைக் காட்டினால் அன்றே இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.