மடுவுக்கு ஒரு ஹயர்

(முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி. கிளிநொச்சியிலிருந்து மடு மாதாவின் ஆவணி 15 திருவிழாவுக்குப் போகிற வான் ஓரமாக நிற்கிறது. சனம் தேங்காய் உடைக்க இறங்கிவிட்டது. அதில் பெரும்பாலும் வேதக்காரர்தான். வானுக்குள் ரைவர் தவமும், முழங்கால் வருத்தத்தால் இறங்காத சூசை அப்புவும்.)

சூசை: ஏன் தம்பி, நீ இறங்கேல்லையே?

தவம்: பிள்ளையார் உங்களைக் காக்கிறார், அப்பு. உங்கட பாக்குகளை நான் காக்கிறன்.

சூசை: சாமி இல்லையெண்டு சொல்லுறாய். பிறகேன் வானை நிப்பாட்டினனி?

தவம்: நிப்பாட்டாட்டி பிள்ளையார் ஒண்டும் செய்யமாட்டார். உங்கட மனிசி செய்வா.

சூசை: அதெண்டா உண்மைதான். குறை நினையாத, கலியாண ஹயருக்கு அந்தளவு காசு கேக்கிறனி, மடுவுக்கு மட்டும் ஏன் குறைச்சு ஓடுறாய்? உள்ளுக்குள்ள கொஞ்சம் பக்தி கிடக்கோ?

தவம்: கணக்குத்தான் கிடக்கு. கலியாணக்காரர் போகேக்க பாட்டு, வரேக்க சத்தி. காசை நாளைக்கு வந்து எடு எண்டுவினம். நாளைக்குப் போனா வளவில நாய்தான் நிக்கும். நீங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வாறியள், சோத்துப் பார்சலை முதல் ரைவருக்கு நீட்டுறியள், காசும் கையோட.

சூசை: அப்ப சத்தி எடுக்காததுதான் எங்கட நல்ல குணமோ?

தவம்: அது லேசுப்பட்ட குணமே? கழுவிப் பாத்தாத் தெரியும். சரி, உண்மையைச் சொல்லுறன். எனக்கு டெங்கு வந்து ஆசுப்பத்திரியில கிடந்தனெல்லே? தேத்தண்ணிக் கடையில என்னோட சேர்ந்து சாமியும் இல்லை பூதமும் இல்லை எண்டு கத்துற கூட்டம் வட்சப்பில பெருவிரலைத் தூக்கிக் காட்டினவங்கள். டெங்குக்குப் பெருவிரல்! தண்ணீரூற்று முஸ்லிம் நானா பஸ் ஏறி வந்து இளநி வெட்டித் தந்தார். எங்கட ஒழுங்கைப் பாஸ்டர் விடிய விடிய கதிரையில குந்தியிருந்தார்.

சூசை: செபிச்சவரோ?

தவம்: செபிச்சார், நல்ல சத்தமா. பக்கத்துக் கட்டில்காரர் காய்ச்சல் மாறமுதலே துண்டு வெட்டிக்கொண்டு ஓடிற்றார். ஆனா நான் ஓங்காளிக்கேக்க வாளி பிடிச்சதும் அந்த மனிசன்தான்.

சூசை: மாதா அனுப்பின ஆள்.

தவம்: பாஸ்டரிட்டப் போய் அப்பிடிச் சொல்லிப்போடாதைங்கோ.

சூசை: நீ மடுவையும் இப்பிடித்தான் நக்கலடிப்பாய் போல.

தவம்: மடுவையோ? தொண்ணூறுகளில நான் அந்த அகதி முகாமிலதான் வளந்தனான். அம்மா திருநீறு பூசிக்கொண்டுதான் வரிசையில நிப்பா. ஞானஸ்நானம் எடுத்தாத்தான் அரிசி எண்டு ஒரு பாதரும் சொல்லேல்லை. ஆனா ஒரு கேள்வி, அப்பு. 2008 சித்திரையில சண்டை கிட்டவர, மாதாவே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தவ. காப்பாத்த வேண்டியவ எங்களோட சேர்ந்து பாயைச் சுருட்டினா எப்பிடி?

சூசை: வன்னியில இடம்பெயராத ஆள் ஆர்ரா இருக்கு? அவவுக்கும் ஒரு நிவாரண அட்டை குடுத்திருக்கவேணும்.

தவம்: (விழுந்து விழுந்து சிரிக்கிறார்) இதுதான் உங்களில எனக்குப் பிடிச்சது. தேத்தண்ணிக் கடைக் கூட்டம் உலகத்தையே பகிடி பண்ணும், தங்களைப் பகிடி பண்ணினா ஒரு கிழமை கதைக்காது. நீங்கள் மாதாவிலயே கை வைக்கிறியள். அந்த நேரம் பாதர்மார் மாதாவின்ர சுருவத்தைத் தூக்கினவை. நானெண்டா வான் பற்றறியைத் தூக்கியிருப்பன்.

சூசை: உனக்கெண்டு ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டே?

தவம்: கொளுத்துங்கோ. என்ர பேர் வேண்டாம், பின் ரயருக்கெண்டு சொல்லுங்கோ.

சூசை: ரயருக்கு என்ன?

தவம்: நூல் தெரியுது.

சூசை: நூல் தெரியிற ரயரிலயோ எங்களைக் கொண்டு போறாய்?

தவம்: பதினாலு பேர் செபமாலையோட ஏறியிருக்கிறியள். அந்தத் துணிவுதான்.

சூசை: விசரா, திருவிழா நேரம் மாதாவுக்கு ஆயிரம் வேலை கிடக்கு! இறங்கு, ஜாக்கை எடு. (முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்குகிறார்) ஸ்பெயார் ரயராவது இருக்கோ, இல்லை அதுக்கும் நான்தான் செபிக்கவேணுமோ?